மாடியிலிருந்து வலசை பார்ப்பது: வாசகர் கேள்வி – பதில்

மாசி, பங்குனி மாதங்களில் எங்களுக்கு வரும் கடிதங்களில் பாதி வலசைப் பறவைகளைப் பற்றியவை. ஏரிக்கும் சரணாலயத்துக்கும் போகாமல் வீட்டு மாடியிலும் பால்கனியிலும் கொல்லையிலும் நின்று பார்ப்பவர்களின் கேள்விகளை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டோம்.

தாம்பரத்திலிருந்து ஒரு வாசகி: எங்கள் வீடு மூன்றாவது மாடி. எதிரே ஒரு வேம்பும் முள் மண்டிய காலிமனையும் இருக்கின்றன. மார்ச் மாதத்தில் பறவைகள் வந்து இறங்குவதாக வெளிநாட்டுப் பத்திரிகைகளில் படிக்கிறேன். இங்கே என்ன வரும்?

வருவதற்கு அதிகமில்லை, போவதற்குத்தான் நிறைய இருக்கிறது. ஐரோப்பாவுக்கு மார்ச், ஏப்ரல் வரவேற்கும் மாதங்கள். நமக்கு வழியனுப்பும் மாதங்கள். ஆவணி, புரட்டாசி தொடங்கி இங்கே வந்து தங்கிய பறவைகள் மாசிக் கடைசியில் கிளம்ப ஆரம்பிக்கும். சித்திரை முடிவதற்குள் ஏறக்குறைய எல்லாம் போய்விடும்.

வேம்பின் உள்கிளைகளில் பழுப்பு ஈப்பிடிப்பானைத் தேடுங்கள். சிட்டுக்குருவியைவிடச் சிறியது, பெரிய கண், ஒரே குச்சியில் உட்கார்ந்து பாய்ந்து பூச்சியைப் பிடித்துவிட்டு அதே குச்சிக்குத் திரும்பும். உச்சிக்கிளையில் மாங்குயிலோ சாம்பல் கரிச்சானோ இருக்கலாம். சாம்பல் கரிச்சானுக்குக் கண் சிவப்பு. வழக்கமான கரிச்சான் கம்பியிலும் மாட்டின் முதுகிலும் உட்காரும். இது மரத்தை விட்டு அதிகம் வராது. காலிமனையில் முள்செடியின் நுனியில் கறுப்புக் கண்பட்டை போட்ட பழுப்புக் கீச்சான் நிற்கும். அதே புதருக்குள், கண்ணுக்குத் தெரியாமல், நாணல் கதிர்க்குருவி இருக்கும். தண்ணீர் தேங்கிய ஓரத்தில் மஞ்சள் வாலாட்டி, ஓடும் சாக்கடை ஓரத்தில்கூடச் சாம்பல் வாலாட்டி. கம்பியில் தகைவிலானும் நீலவால் பஞ்சுருட்டானும்.

ஒரு சாதாரணத் தெருவில் இவற்றில் ஐந்தாறு இனம் அமைந்தாலே நல்ல இடம் என்று சொல்வோம். தண்ணீர்த்தொட்டி மேல் நின்று பாடும் கறுப்பு வெள்ளை வாலாட்டியைக் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள். அது வெண்புருவ வாலாட்டி, இங்கேயே பிறந்து இங்கேயே இருப்பது.

எல்லாம் ஒரே நாளில் மூட்டை கட்டுவதில்லை. இமயமலையிலும் அதை ஒட்டிய பகுதிகளிலும் கூடு கட்டுபவை முன்னால் போகும். சைபீரியா, மங்கோலியா வரை போகிற பழுப்புக் கீச்சானுக்கு அவசரமில்லை; அங்கே பனி விலகிப் பூச்சி கிளம்ப மே மாதமாகும். ஏப்ரல் கடைசியிலும் அது உங்கள் காலிமனையில் நின்றால் ஆச்சரியப்பட வேண்டாம்.

மதுரையிலிருந்து: வந்த நாளைக் குறித்துவிட முடிகிறது. போன நாளை எப்படிக் குறிப்பது? ஒரு பறவை போய்விட்டது என்று எப்போது சொல்லலாம்?

வலசை பார்ப்பதில் சிரமமான வேலையே இதுதான். வந்த பறவை கத்தும், இடத்துக்குச் சண்டை போடும், தானாகக் கண்ணில் படும். போகிற பறவை சொல்லிக்கொண்டு போகாது. சிறு பறவைகளில் பெரும்பாலானவை இருட்டிய பிறகுதான் கிளம்புகின்றன. ஆகவே போனதைப் பார்க்க முடியாது. இல்லாததைத்தான் பார்க்க முடியும். அதற்கு "இன்று இல்லை" என்று எழுதும் பழக்கம் வேண்டும்.

கட்டம் போட்ட கணக்கு நோட்டு ஒன்று போதும். இடப்பக்கம் பறவைகளின் பெயர், மேலே தேதி. மாசி முதல் தேதியிலிருந்து தினமும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், 15 நிமிடம் நில்லுங்கள். சூரியன் உதித்து ஒரு மணி நேரத்துக்குள் என்றால் நல்லது. 9 மணிக்குமேல் வெயில் ஏறினால் இருக்கிற பறவையும் இலைக்குள் போய்விடும். கட்டத்தில் மூன்றில் ஒன்றுதான் வரவேண்டும்: பார்த்தால் எண்ணிக்கை, நின்றும் காணாவிட்டால் 0, நீங்கள் நிற்கவே இல்லையென்றால் ஒரு கோடு. பலர் தவறுவது இந்தச் சுழியிலும் கோட்டிலும்தான். இரண்டையும் வெற்றுக் கட்டமாக விட்டுவிட்டால், மூன்று வாரம் கழித்துப் பறவை இல்லையா, நீங்கள் இல்லையா என்று உங்களுக்கே தெரியாது.

கவனித்த நாட்களில் தொடர்ந்து பத்துச் சுழி விழுந்தால் போய்விட்டது என்று முடிவு செய்யலாம். பத்தாவது சுழியின் தேதியை எழுதக்கூடாது. கடைசியாக எண் விழுந்த தேதிதான் உங்கள் விடை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் பார்ப்பவருக்கு இந்தத் தேதி ஒரு வாரம்வரை தவறலாம். அவர்கள் "15க்கும் 22க்கும் இடையில்" என்று எழுதுவதுதான் நேர்மை.

இரண்டு இடத்தில் ஏமாறுவோம். ஒன்று, பறவை இருக்கும், குரல் நின்றிருக்கும். குரலை மட்டும் நம்பிச் சுழி போடாமல் புதரைக் கண்ணாலும் பாருங்கள். மற்றது, உங்கள் கீச்சான் போய் ஆறு நாள் சுழி விழுந்த பிறகு திடீரென ஒரு கீச்சான் ஒரே நாள் வந்து நிற்கும். அது பெரும்பாலும் தெற்கே தங்கியிருந்து வடக்கே போகும் வழியில் இறங்கிய வேறொரு பறவை. வேறு நிற மையில் எழுதுங்கள். உங்கள் பறவைக்கு வழக்கமான ஒரு குச்சி இருக்கும். வழிப்போக்கனுக்கு அது தெரியாது. அடையாளம் காண இது ஒன்றே பல சமயம் போதும்.

கோவில்பட்டியிலிருந்து: சாயங்காலம் வானத்தில் சுற்றும் கரிய சிறு பறவைகள் எல்லாம் தகைவிலான்தானா? கம்பியில் வரிசையாக உட்காருபவையும் அவையா?

கம்பியில் உட்கார்ந்தால் தகைவிலான் வகை. உட்காரவே உட்காராமல் சுற்றினால் உழவாரன். உழவாரனின் நான்கு விரல்களும் முன்பக்கம் திரும்பியவை. சுவரிலும் ஓலையிலும் தொற்றிக்கொள்ளலாம், கம்பியைப் பற்ற முடியாது. கோயில் கோபுரத்தைச் சுற்றிக் கீச்சிட்டுக்கொண்டு, இடுப்பில் வெள்ளைப் பட்டையோடு பறப்பது நாட்டு உழவாரன். பனையை ஒட்டி ஒல்லியாகப் பறப்பது பனை உழவாரன். இரண்டும் ஆண்டு முழுவதும் இங்கேதான்.

கம்பியில் இருப்பதில் தொண்டையும் நெற்றியும் செம்பழுப்பு, அதன்கீழ் கருநீலப் பட்டை, வயிறு வெளுப்பு என்றால் அது வலசை வரும் தகைவிலான். பங்குனியில் புது இறகு முளைத்து, வால் ஓரத்து இரண்டு இறகும் கம்பிபோல் நீண்டிருக்கும். ஐப்பசியில் மங்கலாக, குட்டை வாலோடு பார்த்த இளம்பறவையா இது என்று தோன்றும். இடுப்பு செம்மண் நிறமாகவும் அடிப்பக்கம் கோடுகோடாகவும் இருந்தால் செம்பிட்டத் தகைவிலான்; அது இங்கேயும் கூடு கட்டும் என்பதால் அதை வைத்து வலசைக் கணக்குப் போடாதீர்கள்.

தகைவிலானும் பஞ்சுருட்டானும் பகலில் பயணம் செய்பவை, போகிறபோக்கில் பறக்கும் பூச்சியைத் தின்றுகொண்டே. அதனால் போவதைக் கண்ணாலேயே பார்க்கும் வாய்ப்பு இவற்றில்தான் உண்டு. பங்குனிக் காலைகளில் மாடியில் வடக்கு எது என்று முதலில் தெரிந்துகொண்டு பத்து நிமிடம் எண்ணுங்கள். வடக்கே போனது எத்தனை, தெற்கே போனது எத்தனை, அங்கேயே சுற்றியது எத்தனை என்று மூன்று பத்தி. இரை தேடும் கூட்டம் என்றால் வடக்கும் தெற்கும் ஏறக்குறைய சமமாக வரும். 40 வடக்கே, 3 தெற்கே என்று வந்தால் அது வலசை. கடற்கரையை ஒட்டிய ஊர்க்காரர்கள் இதைக் கட்டாயம் செய்து பார்க்க வேண்டும்.

விழுப்புரத்திலிருந்து: மாசியில் திடீரெனக் குயில் கூவ ஆரம்பித்தது. எங்கிருந்து வந்தது?

எங்கிருந்தும் வரவில்லை. மார்கழியிலும் அதே மரத்தில்தான் வாயை மூடிக்கொண்டு இருந்தது. காக்கை கூடு கட்டும் காலம் நெருங்குகிறது, முட்டை வைக்கக் கூடு வேண்டும், அதனால் கூவுகிறது.

தஞ்சாவூரிலிருந்து: வேலிப் புதருக்குள் நாள் முழுவதும் "டக், டக்" என்று நாக்கைச் சுண்டியதுபோல் ஒரு சத்தம். பறவை வெளியே வருவதே இல்லை. செல்பேசிச் செயலி ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு பெயர் சொல்கிறது.

நாணல் கதிர்க்குருவியாகத்தான் இருக்க வேண்டும். பெயரில் நாணல் இருந்தாலும் செம்பருத்தி வேலி, மல்லிகைப் பந்தல், சீமைக்கருவேலம் எதிலும் தங்கும். மேல்பக்கம் ஒரே மண்நிறம், நீண்ட அலகு, கண்ணுக்கு முன்னால் மெல்லிய வெளிர்கோடு, இறக்கையில் பட்டை எதுவும் இல்லை. தமிழ்நாட்டுத் தோட்டங்களில் மிகச் சாதாரணமான வலசைப் பறவை இது. ரஷ்யா, பின்லாந்து வரை போய்க் கூடு கட்டுகிறது. எடை பத்துப் பன்னிரண்டு கிராம்தான் இருக்கும். இதைப் பார்க்காமலே பறவை பார்ப்பதில் பல வருடம் ஓட்டியவர்கள் உண்டு.

பார்க்க வேண்டுமென்றால் புதரைக் கலைக்காதீர்கள். நாலைந்து அடி தள்ளி உட்கார்ந்து, சத்தம் வரும் இடத்துக்கு ஓர் அடி முன்னால் இருக்கும் இடைவெளியில் பார்வையை வைத்துக்கொள்ளுங்கள். தாவிப் போகும்போது அந்த இடைவெளியில் ஒரு வினாடி தெரியும். மார்ச் கடைசி, ஏப்ரலில் அதே புதருக்குள்ளிருந்து தாழ்ந்த குரலில், பிற பறவைகளின் சத்தத்தையும் கலந்து, முணுமுணுப்பாக ஒரு பாட்டு வரக்கூடும். வடக்கே போய்ப் பாடப்போகிற பாட்டுக்கு ஒத்திகை. அது கேட்கத் தொடங்கினால் கிளம்பும் நாள் தூரமில்லை.

செயலி விஷயம். மெர்லின் போன்றவை குரலை வைத்துப் பெயர் சொல்லும். இந்தியாவுக்கான பறவைத் தொகுப்பை முன்கூட்டியே இறக்கி வைத்திருக்க வேண்டும். "டக்" போன்ற ஒற்றை ஒலிகளில் அது தடுமாறும், ஏனென்றால் பல கதிர்க்குருவிகள் அப்படித்தான் கத்தும். மின்விசிறி, மிக்சி, வண்டிச் சத்தம் சேர்ந்தால் இன்னும் மோசம். செயலி சொன்னதைச் சந்தேகப் பட்டியலாக எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணால் பார்த்தபின் நோட்டில் ஏற்றுங்கள். பறவையை வெளியே வரவழைக்க அதன் குரலைச் செல்பேசியில் ஒலிக்கவிடுவது மட்டும் வேண்டவே வேண்டாம். பயணத்துக்குக் கொழுப்புச் சேர்க்க வேண்டிய நேரத்தில் இல்லாத எதிரியைத் தேடி அலையும்.

திருநெல்வேலியிலிருந்து: கல்யாண முருங்கை பூத்தபோது இளஞ்சிவப்பு உடம்பும் கறுப்புத் தலையுமாக நூற்றுக்கணக்கில் மைனாக்கள் வந்தன. இரண்டு வாரத்தில் ஒன்றுகூட இல்லை.

சூறைக்குருவி, சோளக்குருவி என்றும் சொல்வார்கள். கஜகஸ்தான் போன்ற மத்திய ஆசியப் புல்வெளிகளில் மே, ஜூனில் வெட்டுக்கிளி பெருகும்போது கூடு கட்டும். அந்த நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதால் இங்கே அதிகம் தாமதிப்பதில்லை. கிளம்பும் முன் தேன் நிறைந்த பூக்களை மொய்க்கும். கல்யாண முருங்கை, இலவம், பலாசு மூன்றும் இலையுதிர்த்துப் பூப்பது மாசியை ஒட்டித்தான். நெற்றியிலும் முகத்திலும் மஞ்சள் பொடி பூசியதுபோல் இருந்தால் அது பூந்தாது.

கிளம்பும் காலத்தில் இவற்றின் இளஞ்சிவப்பு கூடித் தெரிவதற்குப் புது இறகு காரணமல்ல. இறகு நுனியில் இருந்த மங்கலான விளிம்பு மாதக்கணக்கில் தேய்ந்து, அடியிலிருக்கும் இளஞ்சிவப்பு வெளியே தெரிகிறது.

எண்ணுவதற்கு மரத்தைவிட அடையும் இடம் வசதி. சூரியன் மறைவதற்கு அரைமணி முன்னால் கூட்டம் கூட்டமாக வானத்தில் சுழலும். பத்துப் பறவை எவ்வளவு இடம் அடைக்கிறது என்று கண்ணால் அளந்து, அதைக்கொண்டு கூட்டத்தை மடங்காக எண்ணுங்கள். நூறுக்குமேல் போனால் துல்லியம் வேண்டாம். 300 என்று எழுதினாலே போதும். நாளுக்கு நாள் 300, 120, 20 என்று இறங்குவதுதான் நமக்கு வேண்டிய செய்தி.

சேலத்திலிருந்து ஒரு மாணவர்: நம் ஊரில் எப்போதும் வெயில்தான். கிளம்ப நேரமாகிவிட்டது என்று பறவைக்கு எப்படித் தெரிகிறது?

பகல் நீளம் ஒரு துப்பு, ஆனால் நம் பக்கம் அது மெலிதான துப்பு. சென்னையில் டிசம்பர் கடைசிப் பகலுக்கும் ஜூன் கடைசிப் பகலுக்கும் வித்தியாசம் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். கன்னியாகுமரியில் ஒரு மணி நேரத்தை ஒட்டி. ஆகவே பறவை உடம்புக்குள்ளேயே ஓர் ஆண்டுக் கடிகாரம் இருக்கிறது. வெளிச்சமும் வெப்பமும் மாறாத கூண்டில் வளர்த்த கதிர்க்குருவிகள்கூட, வலசைக் காலம் வந்ததும் இரவெல்லாம் தூங்காமல் படபடத்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பகல் நீளம் அந்தக் கடிகாரத்தைத் திருத்தி வைக்கிறது. கூடவே பசி கூடும். நெடுந்தூரம் ஒரே மூச்சில் பறக்கும் சில சிறு பறவைகள் புறப்படும் முன் எடையைக் கிட்டத்தட்ட இருமடங்காக்கிவிடும். உங்கள் தோட்டத்துக் கீச்சான் கிளம்பும் முன் விடாமல் தின்பது இதற்காகத்தான்.

கோயம்புத்தூரிலிருந்து: வலசைப் பறவைகளுக்கு அரிசி, கம்பு வைக்கிறேன். புறா மட்டும்தான் வருகிறது.

அரிசிக்குப் புறாதான் வரும். வீட்டுப் பக்கம் வரும் வலசைப் பறவைகளில் பெரும்பாலானவை பூச்சி தின்பவை. தானியத்தை நிறுத்திவிட்டுத் தண்ணீர் வையுங்கள், பூச்சிமருந்து அடிப்பதை விடுங்கள்.

ஓர் அடி அகலமுள்ள மண்தட்டு, ஆழம் இரண்டு அங்குலத்துக்குமேல் வேண்டாம், ஓரம் சரிவாக இருக்கட்டும். பளபளப்பான எவர்சில்வர், பீங்கான் தட்டில் கால் வழுக்கும். நடுவில் ஒரு கல். பிளாஸ்டிக் வாளியை வைத்துவிடாதீர்கள். சிறு பறவை உள்ளே விழுந்தால் ஏற முடியாது. நிழலில், அருகில் செடி இருக்கும்படி, ஆனால் பூனை பதுங்குகிற அளவுக்கு ஒட்டாமல், ஐந்தாறு அடி தள்ளி வையுங்கள். தினமும் கொட்டி, தேங்காய் நாரால் தேய்த்து மாற்ற வேண்டும். ஒரு வாரம் விட்டால் கொசுப்புழு வளர்ந்து பறக்கத் தொடங்கும். பாசி பிடித்தால் பறவைக்கு நோய்.

தோட்டம் இருந்தால் ஒரு மூலையில் சருகைப் பெருக்காமல் விடுங்கள். மாமரத்தடிச் சருகைக் கிளறித்தான் ஆறுமணிக்குருவியும் கொடிக்கால் வாலாட்டியும் பிழைக்கின்றன. விடியலிலும் மாலை ஆறு மணியை ஒட்டியும் இரண்டு சுரத்தில் தெளிவான ஒரு விசில் கேட்டால் அது ஆறுமணிக்குருவி. கொடிக்கால் வாலாட்டி மற்ற வாலாட்டிகளைப்போல் வாலை மேலும் கீழும் ஆட்டாது. உடம்பையே பக்கவாட்டில் அசைக்கும்.

ஈரோட்டிலிருந்து: மாடியிலிருந்து பார்க்க எந்தப் பைனாகுலர் வாங்கலாம்?

8×42. எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர். விடியல் மங்கலிலும் போதிய வெளிச்சம் தரும். பத்து மடங்கில் கை நடுக்கமும் பத்து மடங்காகும்; பார்க்கும் பரப்பும் குறையும். 20, 30 மடங்கு என்று அட்டையில் பெரிதாகப் போட்டிருப்பதைக் கடையிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

வாங்கியதும் செய்ய வேண்டியது: வலக் கண்ணை மூடி, நடுச்சக்கரத்தைத் திருப்பி, தூரத்துப் பெயர்ப்பலகை இடக் கண்ணுக்குத் தெளிவாகும்படி வையுங்கள். பிறகு இடக் கண்ணை மூடி, வலக் கண்குழலில் உள்ள வளையத்தை மட்டும் திருப்பி அதே பலகையைத் தெளிவாக்குங்கள். அந்த வளையத்தை இனி தொட வேண்டாம். இதைச் செய்யாததால்தான் பலர் தலைவலி என்று ஓரம் வைத்துவிடுகிறார்கள். மூக்குக்கண்ணாடி போடுபவர்கள் கண்குழலின் ரப்பரை மடித்துவிட வேண்டும். சூரியன் பக்கம் எக்காரணம் கொண்டும் திருப்பக்கூடாது.

பொள்ளாச்சியிலிருந்து: ஜன்னல் கண்ணாடியில் மோதி ஒரு பறவை விழுந்துவிட்டது. என்ன செய்வது?

காற்றோட்டத் துளையிட்ட அட்டைப்பெட்டியில், அடியில் பழந்துணி போட்டு, மூடி, அமைதியான இருட்டு அறையில் வையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். மயக்கத்தில் மூச்சுக்குழாய்க்குள் போகும். அடிக்கடி திறந்து பார்க்கவும் வேண்டாம். ஒரு மணி நேரத்துக்குப் பின் வெளியே செடிகளருகே பெட்டியைத் திறந்து வைத்தால், தேறியிருந்தால் தானாகப் பறந்துவிடும். இல்லையென்றாலும், இறக்கை தொங்கினாலும் வனத்துறைக்குச் சொல்லுங்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வீட்டில் வைத்து வளர்க்கக்கூடாது.

மறுபடி நடக்காமலிருக்கக் கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் இரண்டு அங்குல இடைவெளியில் புள்ளிகளோ கோடுகளோ வரையுங்கள். ஒற்றைப் பருந்துப் படம் ஒட்டுவதால் பயனில்லை. பறவை அதைத் தவிர்த்துப் பக்கத்துக் கண்ணாடியில் மோதும். வலசை மாதங்களில் மொட்டைமாடி விளக்கை இரவில் அணைத்துவிடுங்கள்.

வேலூரிலிருந்து: இரண்டு வருட நோட்டு இருக்கிறது. யாருக்காவது உதவுமா?

உதவும். 2007இல் பெங்களூரின் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தை ஒட்டித் தொடங்கிய மைக்ரண்ட்வாட்ச் திட்டம், பொதுமக்கள் எழுதிய வருகை, புறப்பாட்டுத் தேதிகளைத்தான் சேகரித்தது. இப்போது அந்த வேலையை, பார்த்த பறவைகளைப் பட்டியலாக ஏற்றும் இபேர்ட் (eBird) இணையதளம் செய்கிறது. பழைய தேதிகளையும் ஏற்றலாம். நின்ற இடம், தொடங்கிய நேரம், எத்தனை நிமிடம் என்ற மூன்றும் வேண்டும். "அடையாளம் கண்ட எல்லாப் பறவையையும் எழுதினீர்களா" என்று அது கேட்கும். காக்கை, புறா, மைனா உட்பட எல்லாம் எழுதியிருந்தால் மட்டும் ஆம் என்று சொல்லுங்கள். காக்கையை விட்டுவிட்ட பட்டியலில் கீச்சான் இல்லாதது எதையும் சொல்லாது. முழுப் பட்டியலில் கீச்சான் இல்லையென்றால் அது ஒரு தகவல். பழகிக்கொள்ள, பிப்ரவரியில் நான்கு நாள் நடக்கும் உலகளாவியக் கொல்லைப்புறப் பறவைக் கணக்கெடுப்பு நல்ல தொடக்கம். 15 நிமிடப் பட்டியலே அதற்கும் போதும்.

யாழ்ப்பாணத்திலிருந்து: எங்கள் வீட்டுக்கு முன்னால் கடல்நீரேரி. வைகாசி பிறந்த பிறகும் கொஞ்சம் உள்ளான்கள் நிற்கின்றன. நோயா?

அநேகமாக இல்லை. கரைப்பறவைகளில் பல இனங்கள் பிறந்த முதல் ஆண்டிலேயே இனப்பெருக்கம் செய்வதில்லை. போய் ஆகப்போவது ஒன்றுமில்லை என்பதால் இளம்பறவைகள் அந்தக் கோடையை இங்கேயே கழிக்கும். பெரியவை வைகாசிக்குள் செம்பழுப்போ கறுப்போ ஏறிக் கோடை நிறத்துக்கு மாறியிருக்கும். நிற்பவை பெரும்பாலும் சாம்பல் நிறத்திலேயே இருப்பதைப் பாருங்கள். இரை தேடுகின்றனவா, விரட்டினால் பறக்கின்றனவா என்று பாருங்கள். இரண்டும் இருந்தால் கவலையில்லை. ஆடி பிறந்த கையோடு வடக்கிலிருந்து முதல் பெரியவை திரும்பி இறங்கத் தொடங்கும், சில இன்னும் கோடை நிறத்தோடு. அதனால் ஆனி மாதத்து எண்ணிக்கையைத் தனியாக எழுதி வையுங்கள். இல்லாவிட்டால் எது தங்கியது, எது வந்தது என்று பிரிக்க முடியாது. எந்தப் பறவையின் காலிலாவது ஆய்வாளர்கள் மாட்டிய வளையமோ நிறக்கொடியோ தெரிந்தால், இரண்டு காலையும் சேர்த்துப் படமெடுத்து, எந்தக் காலில், மேலே எந்த நிறம், கீழே எந்த நிறம், என்ன எழுத்து என்று அன்றைக்கே குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் நினைவிலிருந்து எழுதினால் இடமும் வலமும் மாறிவிடும்.